குழந்தையோடு சிங்கப்பூர்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

மகளுக்கு ஆறு வயதில் ஒரு முறையும் ஒன்பது வயதில் இன்னொரு முறையும் சிங்கப்பூர் போய்வந்தோம். அதிலிருந்து, கோடை விடுமுறை நெருங்கினாலே யாராவது ஒருவர் என்னைப் பிடித்துக்கொள்கிறார். கல்யாணப் பந்தியில் பாயசத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் விசா விளக்கம் சொல்லியிருக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால், கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதிலும் சேர்த்துவிட்டேன். கட்டணங்கள் அடிக்கடி மாறும். அவற்றை மட்டும் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வயதுக் குழந்தைக்கு என்ன நினைவிருக்கப்போகிறது? இவ்வளவு செலவு செய்து இப்போதே கூட்டிப்போக வேண்டுமா?

நினைவிருக்கும். ஆனால் நீங்கள் காசு கொடுத்துக் காட்டியதுதான் நினைவிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் பயணத்தில் டிக்கெட் எடுத்துப் பார்த்த பலவற்றை என் மகள் மறந்துவிட்டாள். மறக்காதது நீர்நாய். மரினா பே அருகே நடைபாதையை ஒட்டிய கல்படியில், ஈரம் சொட்டச் சொட்ட ஒரு நீர்நாய் மீனை இரு முன்னங்கால்களாலும் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து மென்று தின்றது. முள் நொறுங்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. அரை மணி நேரம் அவள் அசையவில்லை. அதற்கு ஒரு காசும் செலவில்லை.

நான்கு வயதுக்குக் கீழே என்றால், அது உங்களுக்கான பயணம். குழந்தை உடன்வருகிறது, அவ்வளவுதான். அதிலும் தவறில்லை. இரண்டு வயது நிறையாத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு குறைந்த கட்டணத்தில் பறக்கலாம். இரண்டு வயதைத் தாண்டினால் தனி இருக்கை, ஏறக்குறைய பெரியவர் கட்டணம். என்னைக் கேட்டால் ஐந்திலிருந்து பத்து வரைதான் பொன்னான வயது.

எத்தனை நாள் வேண்டும்? ஏஜெண்ட் மூன்று இரவு, நான்கு பகல் போதும் என்கிறாரே?

பெரியவர்களுக்குப் போதும். குழந்தைக்கு ஐந்து இரவு. ஊர் சிறியது, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பதெல்லாம் சரிதான். குழந்தையின் கால் அதைவிடச் சிறியது.

நாங்கள் வைத்துக்கொண்ட கணக்கு, ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம். முதல் பயணத்தில் ஒரே நாளில் காலையில் மிருகக்காட்சிசாலை, மாலையில் வாயிலிருந்து நீர் பீய்ச்சும் சிங்கத்தலைச் சிலையான மெர்லயன், இரவில் கரையோரப் பூந்தோட்டம் (கார்டன்ஸ் பை த பே) என்று கட்டியிருந்தோம். மெர்லயன் முன்னால் மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நிமிர்ந்து பார்த்து அவள் கேட்டது ஒன்றுதான்: “ஏன் அம்மா, அந்தச் சிங்கம் வாந்தி எடுக்கிறது?” எட்டரை மீட்டர் உயரச் சிலைக்கு அன்று கிடைத்த மரியாதை அதுதான்.

எந்த மாதம் போகலாம்?

நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே இருக்கும் ஊர். கோடை, குளிர் என்று எதுவும் கிடையாது. ஆண்டு முழுவதும் பகலில் முப்பது, முப்பத்திரண்டு டிகிரியும் புழுக்கமும்தான். மழை எப்போது வேண்டுமானாலும் வரும். நவம்பர் முதல் ஜனவரி வரை கூடுதலாக வரும்.

பார்க்கவேண்டியது கூட்டத்தை. அங்கே பள்ளிகளுக்கு மே கடைசியில் தொடங்கி ஜூன் முழுவதும் விடுமுறை; நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் வரை மறுபடியும். நம் பிள்ளைகளுக்கு மே மாதம் விடுமுறை என்பதால், முதல் மூன்று வாரத்துக்குள் போய்வந்துவிட்டால் வரிசைகள் பாதியாகும். சீனப் புத்தாண்டின் முதல் இரண்டு நாள் பல கடைகள் மூடியிருக்கும். ஃபார்முலா ஒன் இரவுப் பந்தயம் நடக்கும் வாரத்தில் மரினா பே பக்கம் சாலைகளை அடைத்துவிடுவார்கள், ஹோட்டல் வாடகையும் எகிறும். கார்ப் பைத்தியம் வீட்டில் இல்லையென்றால் அந்த வாரத்தைத் தவிருங்கள்.

குழந்தைக்கும் தனியாக பாஸ்போர்ட், விசா எல்லாம் வேண்டுமா?

வேண்டும், கைக்குழந்தைக்கும்கூட. இந்தியாவில் சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுதான் செல்லும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெற்றோருடையது பத்தாண்டு என்பதால் பிள்ளையுடையதும் அப்படித்தான் என்று நினைத்து டிக்கெட் எடுத்துவிட்டுப் பிறகு அலைவார்கள். பயண நாளில் ஆறு மாதமாவது செல்லுபடி மீதமிருக்க வேண்டும்.

விசாவுக்கு அங்கீகரிக்கப்பட்ட ஏஜெண்ட் வழியாகத்தான் விண்ணப்பம். அரசுக் கட்டணம் ஆளுக்கு 30 சிங்கப்பூர் டாலர், மறுத்தாலும் திரும்பாது. அதற்கு மேல் ஏஜெண்ட் தன் கட்டணத்தைச் சேர்ப்பார். புகைப்படம் வெள்ளைப் பின்னணியில், அண்மையில் எடுத்ததாக இருக்க வேண்டும். இரண்டு வயதில் எடுத்த படத்தை ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒட்டினால் திரும்பிவரும். குழந்தையோடு பெற்றோரில் ஒருவர் மட்டும் போவதாக இருந்தால் மற்றவரின் ஒப்புதல் கடிதமும் பிறப்புச் சான்றிதழ் நகலும் கையில் இருப்பது நல்லது.

விசா வந்துவிட்டது. வருகை அட்டைக்கு இணையத்தில் பணம் கட்டச் சொல்கிறதே, சரியா?

சரியில்லை. வெளியேறுங்கள், அது போலிப் பக்கம். சிங்கப்பூர் வருகை அட்டை என்பது நாட்டுக்குள் நுழையுமுன் நிரப்பும் விவரப் படிவம், அது இலவசம். அந்நாட்டுக் குடிநுழைவு ஆணையத்தின் சொந்தத் தளத்திலோ செயலியிலோ, இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். குடும்பத்துக்கே சேர்த்து ஒருவர் நிரப்பலாம். பிள்ளையையும் சேர்க்க மறக்காதீர்கள். இது விசா அல்ல, விசாவுக்கு மாற்றும் அல்ல.

அக்கா, லிட்டில் இந்தியாவில் தங்கினால் நல்லதா, ஆர்ச்சர்டு பக்கமா?

குழந்தையோடு என்றால் லிட்டில் இந்தியா அல்லது அதற்கடுத்த ஃபேரர் பார்க். காலையில் இட்லி, நடந்தால் ரயில், இரவில் வெகுநேரம் திறந்திருக்கும் முஸ்தஃபா சென்டர். மருந்து, பால், மறந்துபோன பல் துலக்கி எல்லாம் அங்கே கிடைக்கும். ஞாயிறு மாலை தெருவில் கூட்டம் நெரியும். அன்று மட்டும் பிள்ளையின் கையை விடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. குறைந்த வாடகை அறைகளில் பலவற்றுக்கு ஜன்னல் கிடையாது. முன்பதிவுப் பக்கத்தில் சிறிய எழுத்தில் போட்டிருக்கும். நாங்கள் கவனிக்காமல் அப்படி ஒரு அறையில் மாட்டிக்கொண்டோம். விளக்கை அணைத்தால் எந்நேரமும் நள்ளிரவு. மகள் காலை பத்து மணிக்கு விழித்து, “இன்னும் விடியவில்லை” என்று திரும்பிப் படுத்தாள். ஒரு அரை நாள் அப்படியே போயிற்று.

நேர வித்தியாசத்தால் குழந்தை படுத்துமா?

வித்தியாசம் இரண்டரை மணி நேரம், அவர்கள் முன்னால். இதை எதிரியாக நினைக்காமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அங்கே காலை ஏழரை என்றால் குழந்தையின் உடம்புக்கு விடியற்காலை ஐந்து. அதனால் காலை ஒன்பதரைக்கு முன் எதையும் திட்டமிடாதீர்கள், அழுகைதான் மிஞ்சும்.

மாலையில் கணக்கு தலைகீழ். இரவு எட்டு மணி அதன் உடம்புக்கு மாலை ஐந்தரைதான். வீட்டில் ஒன்பதுக்குத் தூங்கும் பிள்ளை அங்கே பதினொன்றரை வரை துள்ளிக்கொண்டிருக்கும். இந்த ஊரின் நல்ல காட்சிகள் பலவும் இருட்டிய பிறகுதான் என்பதால் இது வரம். ஆண்டு முழுவதும் ஏழு மணி வாக்கில் விடிந்து ஏழு மணி வாக்கில் இருட்டும்.

என் பையன் தயிர்சாதம் தவிர எதையும் தொடமாட்டான். என்ன செய்வது?

கவலையே இல்லாத கேள்வி இது. லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் 1947 முதல் இருக்கிறது. தேக்கா சென்டரின் கீழ்த்தளத்தில் தோசையிலிருந்து பிரியாணி வரை கிடைக்கும். பிரச்சினை மிருகக்காட்சிசாலை இருக்கும் மண்டாய், செந்தோசாத் தீவு போன்ற இடங்களில்தான். அங்கே மதியச் சாப்பாட்டைக் காலையிலேயே கட்டிக்கொண்டு போய்விடுவோம்.

பையன் கொஞ்சம் துணிந்தால், பல சிறு சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் உணவங்காடிக்கு அழைத்துப்போங்கள். அங்காடி உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020இல் தன் பட்டியலில் சேர்த்தது. மேசைமேல் ஒரு சிறு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் மட்டும் கிடந்தால், அந்த இடம் பிடிக்கப்பட்டுவிட்டது என்று பொருள். நம் ஊர் பஸ்ஸில் துண்டு போடுவது போலத்தான். சாப்பிட்டதும் தட்டை நீங்களே எடுத்து வைக்க வேண்டும். 2021 முதல் அது கட்டாயம். என் மகள் வீட்டில் செய்யாத வேலையை அங்கே ஓடி ஓடிச் செய்தாள்.

சைவக் குடும்பங்களுக்கு இரண்டு விஷயம். ரொட்டியில் தடவித் தரும் கயா என்பது தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் முட்டையும் சேர்ந்தது. சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் பெரும்பாலும் இறால் விழுது இருக்கும். காய்கறிதானே என்று வாங்கிவிடாமல் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து என்னென்ன கொண்டுபோகலாம்? எதைப் பிடுங்குவார்கள்?

முறுக்கு, தொக்கு, பருப்புப்பொடி, குழந்தை உணவு எல்லாம் போகலாம். மாமியார் அரைத்துக் கொடுக்கும் குருமா மசாலாவில் கசகசா இருந்தால் எடுத்துவைத்துவிடுங்கள். அங்கே கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். சூயிங்கம், மெல்லும் புகையிலை, மின்சிகரெட், இறைச்சிப் பண்டம் எதுவும் கூடாது. சூயிங்கம் தடை 1992இலிருந்தே உண்டு.

குழந்தைக்கான காய்ச்சல் மருந்து கொண்டுபோகத் தடையில்லை. கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் தூக்க மருந்துகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. எதுவானாலும் மருத்துவர் சீட்டோடு, கடையில் வாங்கிய அட்டைப்பெட்டியிலேயே வையுங்கள். தண்ணீரைச் சுமக்க வேண்டாம். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். காலிப் பாட்டில் போதும்.

ரயிலிலும் பஸ்ஸிலும் குழந்தைக்கு டிக்கெட் உண்டா?

தொண்ணூறு சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தைக்குக் கிடையாது. அதைத் தாண்டி, ஏழு வயது நிறையாத பிள்ளைக்கும் இலவசம்தான். ஆனால் அதற்குச் சிறுவர் சலுகை அட்டை வேண்டும். பாஸ்போர்ட்டைக் காட்டினால் ரயில் நிலைய டிக்கெட் அலுவலகத்தில் சுற்றுலாக் குடும்பத்துக்கும் தருவார்கள். ஏழு நிறைந்துவிட்டால் பெரியவர் கட்டணம். சுற்றுலாவாக வருபவர்களுக்கு மாணவர் சலுகை இல்லை.

பெரியவர்கள் தங்கள் வங்கி அட்டையையே தட்டி ஏறலாம். வெளிநாட்டு அட்டை என்றால் நாளுக்கு ஒரு சிறு கூடுதல் கட்டணம் பிடிப்பார்கள். ஓர் அட்டையில் ஒருவர்தான் போகலாம் என்பதை மறக்காதீர்கள். கணவர் தட்டிவிட்டு அதே அட்டையை மனைவியிடம் நீட்டினால் கதவு திறக்காது. வாசலில் இந்த நாடகத்தைத் தினமும் பார்க்கலாம்.

இன்னொரு விஷயம், இதுதான் எனக்குப் பிடித்தது. வடகிழக்கு, வட்ட, டவுன்டவுன் தடங்களில் ரயில்களுக்கு ஓட்டுநர் கிடையாது. முதல் பெட்டியின் முகப்புக் கண்ணாடியருகே நின்றால் சுரங்கம் நம்மை நோக்கி ஓடிவரும். தண்டவாளம் வளைவதும், தூரத்தில் ஒரு புள்ளி வெளிச்சம் நிலையமாக விரிவதும் தெரியும். மகள் மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி, கையால் கற்பனை ஸ்டியரிங் திருப்பிக்கொண்டு போனாள். இறங்கவேண்டிய நிலையத்தில் இறங்க மறுத்தாள். கடைசி நிலையம் வரை போய்த் திரும்பினோம். மாடிப் பஸ்ஸில் மேல்தளத்து முன் இருக்கையும் அதே ரகம்.

தள்ளுவண்டி தேவையா? நான்கரை வயது ஆகிறது.

தேவை. நடக்கும் பிள்ளைதானே என்று நினைப்பீர்கள். மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டு நடப்பீர்கள். நிலையங்களில் லிஃப்ட் உண்டு. பஸ்ஸிலும் மடக்காமலே ஏற்ற 2017 முதல் அனுமதி உண்டு. மடக்கினால் தோளில் மாட்டிக்கொள்ளும் லேசான வண்டி போதும்.

டாக்சியில் குழந்தை இருக்கை கேட்பார்களாமே? வராமல் போய்விட்டால்?

சாலையில் கைகாட்டி நிறுத்தும் டாக்சிக்கும், செயலியில் அழைக்கும் தனியார் வாடகைக் காருக்கும் சட்டம் வேறு. 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்குக் காரில் குழந்தை இருக்கையோ உயர்த்தும் இருக்கையோ கட்டாயம். டாக்சிக்கு மட்டும் இதில் விலக்கு. தனியார் வாடகைக் காருக்கு விலக்கு இல்லை என்பதால், சாதாரண வண்டியை அழைத்துவிட்டுப் பிள்ளையோடு நின்றால் ஓட்டுநர் ஏற்றாமல் போக நேரும். அது அவர் கொழுப்பு அல்ல, அபராதம் அவருக்குத்தான். செயலியிலேயே குழந்தை இருக்கை உள்ள வண்டி என்று தனியாகத் தேர்ந்தெடுக்கலாம்; கட்டணம் கூடும். விமான நிலையத்தில் டாக்சி வரிசையில் நின்றால் இந்தத் தொல்லையே இல்லை.

மிருகக்காட்சிசாலை, இரவு சஃபாரி, பறவைப் பூங்கா மூன்றும் பார்க்கவேண்டுமா? ஒன்று போதுமா?

மூன்றும் மண்டாயில் அடுத்தடுத்து இருக்கின்றன. பழைய ஜூரோங் பறவைப் பூங்கா 2023 ஜனவரியில் மூடப்பட்டு, அதே ஆண்டு மே மாதம் புதிய பெயரோடு மண்டாயில் திறந்தது. பழைய குறிப்பைப் பார்த்து ஜூரோங்குக்குப் போய் நிற்காதீர்கள். காத்திப் ரயில் நிலையத்திலிருந்து மண்டாய்க்கு நேரடிப் பஸ் உண்டு. மூன்று வயது நிறையாதவர்களுக்கு நுழைவு இலவசம்.

ஒன்றுதான் என்றால் மிருகக்காட்சிசாலை. 1973இல் திறந்தது. பெரும்பாலும் கம்பிக்கூண்டுகள் இல்லை. அகழியும் செடியும்தான் எல்லை. ஒராங்குட்டான் தலைக்குமேல் கயிற்றில் நடந்துபோகும். உள்ளே சிறுவர்களுக்குத் தண்ணீர் விளையாட்டு இடம் இருக்கிறது. மாற்றுத்துணி இல்லாமல் போகாதீர்கள். இரண்டாவது வேண்டுமென்றால் இரவு சஃபாரி. 1994இல் தொடங்கியது, இரவுக்கென்றே அமைந்த உலகின் முதல் மிருகக்காட்சிசாலை. நேர வித்தியாசம் பற்றி முன்பே சொன்ன காரணத்தால் மாலை ஏழேகால் நுழைவு பிள்ளைக்குச் சிரமமே இல்லை. இருட்டுக்குப் பயப்படும் பிள்ளை என்றால் யோசியுங்கள். வண்டி மெதுவாக, சத்தமில்லாமல் இருட்டுக்குள்ளேயே போகும். இரண்டையும் ஒரே நாளில் வைக்கவேண்டாம். மெர்லயன் கதை நினைவிருக்கட்டும்.

யூனிவர்சல் ஸ்டூடியோஸ் கட்டாயமா? பையன் ஒற்றைக்காலில் நிற்கிறான்.

வீட்டுச் சுவரில் பையனின் உயரத்தை அளந்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். இந்தக் கேளிக்கைப் பூங்காவின் பெரிய ரோலர் கோஸ்டர்களுக்கு 120 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் வேண்டும். நூற்றுப்பத்து சென்டிமீட்டர் பையனை வாசல்வரை கூட்டிப்போய் அளவுகோல் முன் நிறுத்தித் திருப்பி அழைத்துவருவது கொடுமை. ஏழெட்டு வயதுக்கு மேல், உயரமும் இருந்தால், வாரநாளில் போங்கள். அதற்குக் கீழே, அந்தக் காசுக்கு நான்கு நாள் வேறெங்கோ மகிழ்ச்சியாகச் சுற்றலாம்.

யூனிவர்சல் இருக்கும் செந்தோசாத் தீவே இலவசத்தில் நன்றாக இருக்கும். நடைபாலத்தில் நடந்தே போகலாம். ஒற்றைத் தண்டவாள ரயிலில் போனால் உள்ளே போகும்போது மட்டும்தான் கட்டணம்; தீவுக்குள் பஸ்ஸும் ரயிலும் இலவசம். கடற்கரையில் ஒரு வாளியும் கரண்டியும் இருந்தால் மாலை கழிந்துவிடும்.

காசு செலவில்லாமல் என்ன இருக்கிறது?

நிறைய. கரையோரப் பூந்தோட்டத்தின் கண்ணாடிக் கூடங்களுக்குத்தான் டிக்கெட். வெளித்தோட்டம் முழுவதும் இலவசம். இருபத்தைந்திலிருந்து ஐம்பது மீட்டர் வரை உயரமான செயற்கை மரங்கள் பதினெட்டு அங்கே நிற்கின்றன. இரவு 7.45க்கும் 8.45க்கும் இசையோடு விளக்குக் காட்சி. கழுத்தைப் பின்னால் மடக்கி நின்று பார்க்காதீர்கள். ஒரு துண்டை விரித்துக் குடும்பமாகப் படுத்துவிடுங்கள். அத்தனை பேரும் அப்படித்தான் படுத்திருப்பார்கள். பகலில் அங்கேயே சிறுவர் தோட்டத்தில் தண்ணீர் விளையாட்டும் இலவசம்.

அடுத்தது தாவரவியல் தோட்டம். 1859இல் தொடங்கியது, 2015இல் உலக மரபுச் சின்னமானது. அதற்குள் ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டம் இருக்கிறது. பிள்ளை இல்லாமல் பெரியவர்களை விடமாட்டார்கள் என்பதே எனக்குப் பிடித்த விதி. இரண்டு சிறுவர் தோட்டங்களும் பொதுவாகத் திங்கட்கிழமை மூடியிருக்கும். ஏரிக்கரையில் ஆமையும் உடும்பும் பார்க்கலாம். நீர்நாய் இங்கும் வரும்.

மழை வந்தால் அன்றைய நாள் போயிற்றா?

அரை மணி, ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு நின்றுவிடும். இடியோடு வந்தால் திறந்தவெளி விளையாட்டுகளை நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும் என்பதால் வெளியிடங்களைக் காலையில் வையுங்கள். கையிருப்பாக ஒரு உள்ளிடம் இருக்கட்டும்: பூந்தோட்டத்தின் மேகக்காடு கூடத்தில் முப்பத்தைந்து மீட்டர் அருவி விழுகிறது, ஜூரோங்கில் அறிவியல் மையம். பேரங்காடியில் நுழைந்தால் ஏசி குளிர் நடுக்கும். பிள்ளைக்கு ஒரு மெல்லிய கம்பளிச்சட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

எதற்கெடுத்தாலும் அபராதமாமே? குழந்தை தெரியாமல் செய்துவிட்டால்?

போலீஸ் மறைந்து நின்று பிடிப்பதெல்லாம் கற்பனை. ஆனால் சில விதிகள் நம் பழக்கத்துக்கு நேர் எதிர். ரயிலுக்குள்ளும் நிலையத்துக்குள்ளும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, தண்ணீரும்கூட. அபராதம் 500 டாலர் வரை. நிலையத்துக்குள் நுழையுமுன் தண்ணீர் கொடுத்துவிடுங்கள். நிலையச் சுவரில் எதெதற்கு எவ்வளவு என்று படம் போட்டிருக்கும். கடும் வாடை வீசும் துரியன் பழத்தின் படத்துக்குக் கீழே மட்டும் தொகையே இருக்காது. “அப்படியென்றால் துரியன் கொண்டுபோகலாமா?” என்று மகள் வாதாடினாள். கூடாது.

புறாவுக்கும் குரங்குக்கும் தீனி போடுவது இங்கே குற்றம்; முதல் முறைக்கே 5,000 டாலர் வரை போகலாம். கையில் பொரியோடு பழகிய பிள்ளைக்கு இதை விமானத்திலேயே சொல்லிவிடுங்கள். நீர்நாயையும் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். குட்டிகளோடு இருந்தால் கடித்துவிடும்.

கழிப்பறையில் தண்ணீர் இருக்குமா? யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

எல்லோரும் கேட்டதுதான். எங்கும் சுத்தமான கழிப்பறை உண்டு. பல இடங்களில் காகிதம் மட்டுமே இருக்கும், தண்ணீர்க் குழல் இருக்காது. பையில் ஒரு சிறு பாட்டில் போதும்.

கூட்டத்தில் குழந்தை தொலைந்தால்?

தினமும் காலையில் அன்றைய உடையோடு ஒரு படம் எடுங்கள். மணிக்கட்டில் உங்கள் தொலைபேசி எண்ணை நாட்டுக் குறியீட்டோடு பேனாவால் எழுதுங்கள். வியர்வையில் அழியும், மதியம் மறுபடி எழுதுங்கள்.

தனியாகச் சொல்லவேண்டியது ரயில் கதவு. சட்டென மூடிக்கொள்ளும். பிள்ளை உள்ளே, நீங்கள் வெளியே என்றால், அது அடுத்த நிலையத்தில் இறங்கி அதே இடத்தில் நிற்க வேண்டும். பிள்ளை வெளியே, நீங்கள் உள்ளே என்றால், அது நகரவே கூடாது. நீங்கள் திரும்பி வருவீர்கள். இதை ஹோட்டல் அறையில், கட்டிலை ரயிலாக வைத்து இரண்டு முறை நடித்துக்காட்டினோம். தேவைப்படவில்லை, ஆனால் விளையாட்டு பிடித்துப்போய் ஊர் திரும்பியும் ஆடினாள்.

காய்ச்சல் வந்துவிட்டால் செலவு எவ்வளவு ஆகும்?

சாதாரணக் காய்ச்சலுக்குப் பக்கத்து கிளினிக் போதும். மருந்தும் அங்கேயே தந்துவிடுவார்கள். கே.கே. மகளிர், சிறுவர் மருத்துவமனையில் பிள்ளைகளுக்கென்றே அவசரப் பிரிவு உண்டு. ஆம்புலன்சுக்கு 995, போலீசுக்கு 999. வெளிநாட்டவருக்கு எந்தச் சலுகையும் இல்லாத முழுக் கட்டணம் என்பதால், பயணக் காப்பீடு இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். டெங்கி அங்கும் உண்டு, கொசுக்களிம்பு தடவுங்கள்.

எங்களுக்கு ஆங்கிலம் வராது. பாட்டியும் கூட வருகிறார். தமிழ் மட்டும் போதுமா?

தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. அதற்காகக் கடைக்காரர் எல்லோரும் தமிழ் பேசுவார்கள் என்று பொருளல்ல; சிராங்கூன் சாலையைத் தாண்டினால் ஆங்கிலமும் சீனமும்தான். ஆனால் பாட்டிக்கு வழி தெரியும் அளவுக்கு எழுத்து கண்ணில் படும். சில்லறை வாங்கிய முதல் நாள், மகள் ஒரு நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எழுத்துக்கூட்டி “சிங்…கப்…பூர்” என்று படித்தாள். வெளிநாட்டுக் காசில் தன் எழுத்து எப்படி வந்தது என்று அன்றிரவு முழுவதும் கேள்வி.

பாட்டிக்கு வீரமாகாளியம்மன் கோயிலும், சைனாடவுன் நடுவே 1827 முதல் இருக்கும் மாரியம்மன் கோயிலும் வையுங்கள். கோயில் பகலில் சில மணி நேரம் நடை சாத்தும். காலையிலோ மாலையிலோ போங்கள்.

ஒருத்திக்குப் பன்னிரண்டு, ஒருவனுக்கு நான்கு. இரண்டு பேருக்கும் பிடிப்பது எப்படி?

பிடிக்காது. பிரிந்துவிடுங்கள். செந்தோசா நாளில் ஒருவர் பெரியவளோடு யூனிவர்சல் போகட்டும். மற்றவர் சின்னவனோடு கடற்கரை. இரவில் பூந்தோட்டத்து மரங்களடியில் சேர்ந்துகொள்ளுங்கள். குடும்பமாகப் போனால் எல்லாரும் எல்லாவற்றையும் சேர்ந்தே பார்க்கவேண்டும் என்று நாம்தான் விதி போட்டுக்கொள்கிறோம்.

அப்படியே கோலாலம்பூரையும் சேர்த்துவிடலாமா?

வேண்டாம். ஐந்து இரவில் எல்லை வரிசையில் ஒரு நாள் கரையும்.

கடைசி நாள் விமானம் இரவில். அறையை மதியமே காலிசெய்யச் சொல்கிறார்கள். குழந்தையோடு எங்கே போவது?

விமான நிலையத்துக்கே போய்விடுங்கள். சாங்கியில் ஜுவல் என்ற கண்ணாடிக் கூடத்தில், கூரையிலிருந்து நாற்பது மீட்டர் நீர்ச்சுழல் விழுகிறது. பார்க்க இலவசம், மாலையில் ஒளிக்காட்சியும் உண்டு. பெட்டிகளைக் கட்டணம் கட்டி வைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு சுற்றலாம்.

இதில் ஒரு சூட்சுமம். ஜுவல் குடிநுழைவுச் சோதனைக்கு வெளியே இருக்கிறது. மூன்றாம் முனையத்தின் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் சோதனைக்கு உள்ளே. சோதனை முடிந்து உள்ளே போய்விட்டால் ஜுவலுக்குத் திரும்ப முடியாது. எனவே முதலில் நீர்ச்சுழல், பிறகு சோதனை, நேரம் மிஞ்சினால் வண்ணத்துப்பூச்சி. எங்களுக்கு மிஞ்சியது. இரண்டாம் பயணத்தில் மகளின் சட்டைக் கையில் ஒன்று வந்து உட்கார்ந்தது. அது தானாகப் பறக்கும்வரை நகரமாட்டேன் என்று நின்றாள். ஒலிபெருக்கியில் எங்கள் விமானத்துக்குக் கடைசி அழைப்பு வரும்வரை அது பறக்கவில்லை.